பேரே வரவில்லை, அப்புறம் எப்படி பேர் செய்வது? (புளூடூத் ஸ்பீக்கர்)

ஊதாப்பூ எழுதியது:

வணக்கம். இரண்டு நாளாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். கையில் தூக்கிப் போகிற மாதிரி ஒரு புளூடூத் ஸ்பீக்கர் ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறது. மகள் தன் டேப்லெட்டில் பாட்டு, பாடம் எல்லாம் அதில்தான் கேட்கிறாள். ஒரு குறையும் இல்லை. போன வாரம் நான் புது ஆண்ட்ராய்டு போன் வாங்கினேன். அதில் ஸ்பீக்கரைப் பேர் செய்யலாம், அதாவது ஜோடி சேர்க்கலாம் என்று பார்த்தால் பட்டியலில் அதன் பேரே வரவில்லை. பக்கத்து வீட்டு டிவி வருகிறது, யாருடைய வாட்ச்சோ வருகிறது, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற என் ஸ்பீக்கர் மட்டும் வர மாட்டேன் என்கிறது.

போனை அணைத்துப் போட்டேன், ஸ்பீக்கரை அணைத்துப் போட்டேன், முழு சார்ஜும் ஏற்றிவிட்டேன். ஆன் செய்ததும் ஸ்பீக்கர் ஒரு தடவை சத்தம் கொடுக்கிறது, சில நொடி கழித்து வேறு மாதிரி இன்னொரு சத்தம். அப்புறம் நீல விளக்கு அசையாமல் எரிகிறது. கோளாறு போனிலா, ஸ்பீக்கரிலா?

அதிரடி_ஆனந்தம் எழுதியது:

ஃபேக்டரி ரீசெட் அடியுங்கள். பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்துப் பத்து நொடி பிடித்தால் எல்லாம் சுத்தமாகிவிடும். மாடலுக்கு மாடல் பட்டன் மாறும், கையேட்டில் பாருங்கள். நான் எப்போதும் இதைத்தான் செய்வேன்.

சாலிடர்குச்சி எழுதியது:

ஊதாப்பூ, ரீசெட் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். விடையை உங்கள் பதிவிலேயே எழுதிவிட்டீர்கள், கவனிக்கவில்லை. முதல் சத்தம் 'ஆன் ஆகிவிட்டேன்'. இரண்டாவது சத்தம் 'ஒருவரைப் பிடித்துவிட்டேன்'. அசையாத நீல விளக்கு 'பேச்சில் இருக்கிறேன்'. பெரும்பாலான ஸ்பீக்கர்களில் இதுதான் அர்த்தம்.

ஸ்பீக்கர் கண் விழித்ததும் முதல் வேலையாக, கடைசியாகப் பாடின கருவியைத் தானே கூப்பிட்டுப் பார்க்கும். அது வீட்டில் எங்கேயாவது புளூடூத் ஆனில் கிடந்தால் உடனே ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட பிறகு புதியவர்களுக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளாது. உங்கள் மகளின் டேப்லெட் இப்போது எங்கே இருக்கிறது?

ஊதாப்பூ எழுதியது:

உள் அறையில் சார்ஜில் கிடக்கிறது. திரைகூட எரியவில்லை, பாட்டும் ஓடவில்லை. அப்படியும் ஒட்டிக்கொள்ளுமா?

சாலிடர்குச்சி எழுதியது:

ஒட்டிக்கொள்ளும். திரை அணைந்தால் புளூடூத் அணைவதில்லை. பாட்டு ஓடுவதும் ஓடாததும் வேறு கணக்கு. இணைப்பு என்பது குழாய், பாட்டு அதில் ஓடுகிற தண்ணீர். தண்ணீர் இல்லாவிட்டாலும் குழாய் மாட்டினபடியேதான் இருக்கும். டேப்லெட்டில் புளூடூத்தை அணைத்துவிட்டு ஸ்பீக்கரைக் கவனியுங்கள்.

ஊதாப்பூ எழுதியது:

அணைத்தேன்! ஸ்பீக்கர் சோகமாக ஒரு சத்தம் போட்டது, நீல விளக்கு மெதுவாகச் சிமிட்ட ஆரம்பித்தது. ஆனால் போனில் இன்னும் பேர் வரவில்லை. பேர் வந்தால்தானே பேர் ஆகும்?

கூழாங்கல் எழுதியது:

அந்தக் கடைசி வரிக்கு ஒரு சலாம். இதே பிரச்சினை எனக்கும் இருந்ததால் இழையைப் பின்தொடர்கிறேன்.

சாலிடர்குச்சி எழுதியது:

நல்லது, பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மெதுவாகச் சிமிட்டினால் பல ஸ்பீக்கர்களில் 'தெரிந்தவர் யாராவது வந்தால் சேர்ந்துகொள்கிறேன்' என்று பொருள். புதியவரைச் சேர்க்கிற நிலை தனி. ஸ்பீக்கர் மேல் புளூடூத் சின்னம் போட்ட பட்டன் இருக்கும். அதை இரண்டு மூன்று நொடி அழுத்திப் பிடியுங்கள். விளக்கு வேகமாகச் சிமிட்டும், அல்லது நிறம் மாறும், சிலது வாயைத் திறந்தே சொல்லும். அதுதான் பேரிங் நிலை. தனிப் பட்டன் இல்லாத மாடலில் பவர் பட்டனையே நீளமாகப் பிடிக்க வேண்டியிருக்கும்.

இந்த நிலை சில நிமிடம்தான் நிற்கும். அதனால் முதலில் போனில் புளூடூத் பக்கத்தைத் திறந்து 'புதிய சாதனத்தை இணை' என்பதைத் தட்டிவிட்டு, அப்புறம் ஸ்பீக்கர் பட்டனை அழுத்துங்கள். பலர் ஸ்பீக்கரைத் தயார் செய்துவிட்டுப் போன் செட்டிங்ஸில் துழாவிக்கொண்டிருப்பார்கள், அதற்குள் ஸ்பீக்கர் அலுத்துப்போய் மூடிக்கொண்டிருக்கும்.

தமிழில் ஒரு தொல்லை: பேர் செய்வதையும் இணைப்பு என்கிறோம், கனெக்ட் செய்வதையும் இணைப்பு என்கிறோம். பேர் செய்வது அறிமுகம், ஒரு தடவை செய்தால் போதும். கனெக்ட் ஆவது ஒவ்வொரு நாளும் வந்து பேசுவது. உங்கள் டேப்லெட் பேசிக்கொண்டே இருந்தது, அதனால் போன் அறிமுகம் செய்துகொள்ள இடமே கிடைக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஊதாப்பூ எழுதியது:

வந்துவிட்டது!!! பட்டனைப் பிடித்த மூன்றாவது நொடியில் பேர் வந்தது, தட்டினேன், பாடுகிறது. பழைய காலத்தில் 0000 என்று ஏதோ போடச் சொல்வார்களே, அதுகூடக் கேட்கவில்லை. இரண்டு நாள் தூக்கம் போச்சு இதற்காக. நன்றி சாலிடர் அண்ணா.

சாலிடர்குச்சி எழுதியது:

0000 கேட்டது பழைய முறை. 2007இல் வந்த புளூடூத் 2.1 பதிப்போடு எளிய பேரிங் முறை வந்தது. திரையும் விசைப்பலகையும் இல்லாத ஸ்பீக்கரிடம் எண்ணைக் கேட்டு என்ன பயன் என்று விட்டுவிட்டார்கள். பழைய ஸ்பீக்கர் ஏதாவது இன்றும் கேட்டால் 0000 அல்லது 1234 போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் திறந்துவிடும்.

கூழாங்கல் எழுதியது:

என் கதை தலைகீழ். நான் நேற்றே அதிரடி சொன்னபடி ரீசெட் அடித்துவிட்டேன். போனில் உடனே பேர் ஆகிவிட்டது, சந்தோஷம். ஆனால் இப்போது ஒரு வருடம் ஓடிக்கொண்டிருந்த ஐபேட் மறுக்கிறது. பட்டியலில் ஸ்பீக்கர் பேர் இருக்கிறது, தட்டினால் சுற்றிச் சுற்றி வந்து இணைக்க முடியவில்லை என்கிறது.

அதிரடி_ஆனந்தம் எழுதியது:

ஐபேடையும் ரீசெட் அடித்துவிடுங்கள்.

சாலிடர்குச்சி எழுதியது:

ஐயோ, வேண்டாம் சாமி! கூழாங்கல், கையை எடுங்கள்.

பேர் ஆகும்போது இரண்டு கருவியும் 128 பிட் நீளத்தில் ஒரு ரகசிய எண்ணை உண்டாக்கி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்கின்றன. ஒரு சீட்டை இரண்டாகக் கிழித்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்ட மாதிரி. அடுத்த முறை சந்திக்கும்போது கிழிந்த ஓரம் பொருந்தினால்தான் உள்ளே விடும். நீங்கள் ஸ்பீக்கரை ரீசெட் அடித்தபோது அது தன் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டது. ஐபேட் இன்னும் தன் பாதியை நீட்டிக்கொண்டே நிற்கிறது. பொருந்துவதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.

ஐபேட் செட்டிங்ஸில் புளூடூத், ஸ்பீக்கர் பேருக்குப் பக்கத்தில் இருக்கிற 'ஐ' வட்டம், அதற்குள்ளே 'இந்தச் சாதனத்தை மறந்துவிடு'. அப்புறம் போனில் புளூடூத்தை அணைத்துவிட்டு, ஸ்பீக்கரைப் பேரிங் நிலைக்குக் கொண்டுவந்து, புதிதாகச் சேருங்கள். இதற்காக ஐபேடில் நெட்வொர்க் ரீசெட் அடித்தால் சேமித்த வைஃபை பாஸ்வேர்டெல்லாம் சேர்ந்து போகும். ஆளுக்கு வலி பல்லில், பிடுங்குவது நகத்தையா?

கூழாங்கல் எழுதியது:

மறக்கச் சொன்னேன், சேர்ந்துவிட்டது. ஒரு நிமிட வேலை. அதிரடி, உங்கள் மேல் கோபம் இல்லை, ஆனால் கொஞ்சம் இருக்கிறது.

அதிரடி_ஆனந்தம் எழுதியது:

ரீசெட் அடித்தால் எல்லாப் பக்கமும் மறக்கச் சொல்ல வேண்டும் என்பதைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஸ்பீக்கரின் நினைவகம் நிரம்பிவிட்டால் ரீசெட்தானே வழி? அலுவலகத்தில் ஒரே ஸ்பீக்கரை ஆளாளுக்குப் பேர் செய்து செய்து அது குழம்பிப்போனதை நானே பார்த்திருக்கிறேன்.

சாலிடர்குச்சி எழுதியது:

அது நியாயம். ஸ்பீக்கருக்கு நினைவு குறைவு, எட்டுக் கருவி என்பது அடிக்கடி பார்க்கிற கணக்கு. ஒன்பதாவது வந்தால் பல மாடல்கள் இருப்பதிலேயே பழையதைச் சத்தமில்லாமல் மறந்துவிடும். பல கை மாறின ஸ்பீக்கருக்கோ, இன்னொருவரிடமிருந்து வாங்கினதற்கோ ரீசெட் சரி. நான் சொல்வது, அதை முதல் மருந்தாகக் கொடுக்க வேண்டாம் என்றுதான்.

ஊதாப்பூ எழுதியது:

மறுபடி நானே. பேர் ஆனதும் தீர்ந்தது என்று நினைத்தேன். இன்று காலை ஸ்பீக்கரை ஆன் செய்தால் டேப்லெட்டோடு போய் ஒட்டிக்கொண்டது. நேற்று ராத்திரி மகள் கேட்டாளாம். என் போனில் பேர் இருக்கிறது, தட்டினால் வருவதில்லை. ஒவ்வொரு தடவையும் உள் அறைக்கு ஓடிப்போய் டேப்லெட்டை அணைக்கத்தான் வேண்டுமா?

இரவல்காது எழுதியது:

மல்டிபாயிண்ட் என்று ஒரு வசதி உண்டு. அது இருக்கிற ஸ்பீக்கர் ஒரே நேரத்தில் இரண்டு கருவியோடு கனெக்ட் ஆகி நிற்கும். இதில் பாட்டை நிறுத்தி அதில் போட்டால் அது பாடும். உங்கள் மாடலில் இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். சிலதில் நிறுவனத்தின் செயலியில் போய் அதை ஆன் செய்ய வேண்டும்.

இல்லாவிட்டால், புளூடூத் பட்டனையே அழுத்திப் பிடியுங்கள். பல ஸ்பீக்கர்கள் அப்போது இருக்கிற இணைப்பை அறுத்துவிட்டுப் பேரிங் நிலைக்கு வரும். அந்த நேரத்தில் போனில் பேரைத் தட்டினால் பழைய அறிமுகத்தை வைத்தே சேர்ந்துவிடும், புதிதாகப் பேர் செய்ய வேண்டியதில்லை. ஓட வேண்டியதும் இல்லை.

கூழாங்கல் எழுதியது:

ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. மேலிருந்து இழுத்தால் வரும் கண்ட்ரோல் சென்டரில் புளூடூத் பட்டனைத் தட்டினால் அது முழுசாக அணைவதில்லை, இருக்கிற கருவிகளை அன்றைக்கு மட்டும் கழற்றிவிடுகிறது. 2017இல் வந்த ஐஓஎஸ் 11இலிருந்து இப்படித்தான். மறுநாள் தானாகத் திரும்பி வந்துவிடும். 'நேற்றே அணைத்தேனே' என்று நான் என் ஐபேடோடு சண்டை போட்டது இதனால்தான். நிஜமாக அணைக்கச் செட்டிங்ஸுக்குள்ளே போக வேண்டும்.

ஊதாப்பூ எழுதியது:

என் ஸ்பீக்கரில் மல்டிபாயிண்ட் இல்லை. பட்டன் வித்தை வேலை செய்கிறது! ஆனால் உள்ளேயிருந்து 'அம்மா, பாட்டு நின்னுபோச்சு' என்று சத்தம் வருகிறது. அதற்கு எந்தக் கையேட்டிலும் வழி இல்லை.

வெள்ளைக்கட்டை எழுதியது:

இழையில் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் டேப்லெட்டில் ஒரு பியானோ செயலி வைத்துப் பழகுகிறேன். ஸ்பீக்கர் பேர் ஆகிவிட்டது, சத்தமும் தெளிவு. ஆனால் கட்டையைத் தொட்டுக் கால் நொடி கழித்துத்தான் சத்தம் வருகிறது. அதே டேப்லெட்டில் வீடியோ பார்த்தால் உதடும் சத்தமும் சரியாகப் பொருந்துகிறது. வீடியோவுக்குச் சரியாக வருவது பியானோவுக்கு மட்டும் ஏன் வருவதில்லை?

சாலிடர்குச்சி எழுதியது:

நல்ல கேள்வி. தாமதம் இரண்டிலும் அதேதான், வீடியோவில் அதை மறைத்துவிடுகிறார்கள்.

டேப்லெட் ஒலியை முதலில் சுருக்குகிறது, பொட்டலம் கட்டி அனுப்புகிறது, ஸ்பீக்கர் சில பொட்டலங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறது. வழியில் ஒன்றிரண்டு தொலைந்து மறுபடி கேட்க நேர்ந்தாலும் பாட்டு விக்காமல் இருக்கத்தான் இந்தச் சேமிப்பு. எல்லா ஸ்பீக்கருக்கும் கட்டாயமான எஸ்பிசி கோடெக்கில், அதாவது ஒலியைச் சுருக்கும் முறையில், இதெல்லாம் சேர்ந்து நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவு ஆவது சாதாரணம். வீடியோ செயலிக்கு அடுத்த காட்சி என்னவென்று தெரியும், அதனால் படத்தையும் அதே அளவு பிடித்து வைத்து விடுகிறது. உங்கள் விரல் அடுத்து எங்கே விழும் என்று பியானோவுக்கு எப்படித் தெரியும்? விளையாட்டுகளிலும் இதே கதைதான்.

ஸ்பீக்கரில் 3.5 மிமீ துளை இருந்தால் வயரைச் செருகிவிடுங்கள். கம்பியில்லாத இழையில் கம்பியைச் சிபாரிசு செய்கிறேன், திட்டாதீர்கள். இசை பழகுவதற்கு வயர்தான்.

வெள்ளைக்கட்டை எழுதியது:

துளை இருக்கிறது, ரப்பர் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. இத்தனை நாள் அதைப் பார்த்ததே இல்லை. வயர் வாங்கப் போகிறேன்.

இரவல்காது எழுதியது:

நானும் ஒன்று கேட்கிறேன். போனைப் பின் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நடந்தால் பாட்டு வெட்டி வெட்டி வருகிறது. மேசையில் வைத்தால் சரி. தூரம் ஐந்தாறு மீட்டர்தான். பத்து மீட்டர் வரும் என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள்.

சாலிடர்குச்சி எழுதியது:

நடுவில் நீங்கள் நிற்கிறீர்கள், அதுதான் காரணம். புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில், அதை நீர் நன்றாக உறிஞ்சும். நம் உடம்பில் பாதிக்கு மேல் நீர். பெட்டியில் போட்ட பத்து மீட்டர் குறுக்கே எதுவும் இல்லாத திறந்த இடத்துக் கணக்கு. போனை ஸ்பீக்கர் இருக்கிற பக்கம் முன் பாக்கெட்டுக்கு மாற்றினாலே வித்தியாசம் தெரியும்.

அதே அலைவரிசையில்தான் பழைய வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும். புளூடூத் ஒரே இடத்தில் நிற்காமல் 79 தடங்களில் நொடிக்கு 1600 முறை தாவும், நெரிசலான தடங்களை ஒதுக்கவும் செய்யும். அப்படியும் சில நேரம் மூச்சு முட்டும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் போனை அதற்கு மாற்றுங்கள், நெரிசல் கொஞ்சம் குறையும்.

ஊதாப்பூ எழுதியது:

கடைசிக் கேள்வி, சத்தியமாக. டேப்லெட்டில் சத்தம் அதிரும், என் போனில் முழுசாக ஏற்றினாலும் முணுமுணுக்கிறது. இன்னொன்று, அழைப்பு வந்தால் எதிர்முனைக் குரல் ஸ்பீக்கரில் ஊருக்கே கேட்கிறது.

இரவல்காது எழுதியது:

இரண்டாவதற்கு முதலில். புளூடூத் பட்டியலில் ஸ்பீக்கர் பேர் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தைத் தட்டுங்கள். 'அழைப்புகள்', 'மீடியா ஒலி' என்று தனித்தனி சுவிட்ச் இருக்கும். அழைப்பை மட்டும் அணைத்துவிடுங்கள். பாட்டு ஸ்பீக்கரில், பேச்சு காதில். தவறுதலாக மீடியாவை அணைத்துவிட்டால் 'கனெக்ட் ஆகியிருக்கிறது, சத்தம் வரவில்லை' என்று புது இழை தொடங்க வேண்டி வரும், கவனம்.

சத்தத்துக்கு, பாட்டு ஓடும்போதே போன் வால்யூமையும் ஸ்பீக்கர் மேலுள்ள பட்டனையும் தனித்தனியாக ஏற்றிப் பாருங்கள். சில ஜோடிகளில் இரண்டும் ஒன்றாக நகரும், சிலதில் தனித்தனி. இரண்டில் ஒன்று பாதியில் நின்றிருந்தால் மற்றதை எவ்வளவு ஏற்றினாலும் பயன் இல்லை.

கூழாங்கல் எழுதியது:

ஐபோன்காரர்கள் இன்னொன்றும் பார்க்கலாம். அதே 'ஐ' வட்டத்துக்குள் 'சாதன வகை' என்று இருக்கும், 2021இல் வந்த ஐஓஎஸ் 14.4இலிருந்து. அதில் ஸ்பீக்கர் என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் போன் அதை ஹெட்போன் என்று நினைத்துக்கொண்டு, காதைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று சத்தத்தைக் குறைக்க வாய்ப்பு உண்டு.

ஊதாப்பூ எழுதியது:

ஸ்பீக்கரின் சொந்த வால்யூம் அடிமட்டத்தில் கிடந்தது. என் போனும் அதுவும் தனித்தனி ரகம் போல. ஏற்றியதும் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. அழைப்பையும் அணைத்துவிட்டேன். எல்லாருக்கும் நன்றி, இழையை மூடலாம்.

அதிரடி_ஆனந்தம் எழுதியது:

மூடுவதற்கு முன்னால் ஒன்று. சிரிக்கக் கூடாது.

என் ஸ்பீக்கரை லேப்டாப்பிலிருந்து போனுக்கு மாற்றும்போதெல்லாம் நான் ரீசெட்தான் அடித்து வந்தேன். அப்புறம் லேப்டாப்பில் மறக்கச் சொல்லி, போனில் மறக்கச் சொல்லி, இரண்டிலும் புதிதாகப் பேர் செய்வேன். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நினைத்திருந்தேன். இன்று இழையைப் படித்துவிட்டு லேப்டாப்பில் புளூடூத்தை அணைத்து, போனில் பேரைத் தட்டினேன்.

இரண்டு நொடி.

சாலிடர்குச்சி எழுதியது:

எத்தனை நாளாக இப்படி?

அதிரடி_ஆனந்தம் எழுதியது:

மூன்று வருடம்.

ஊதாப்பூ எழுதியது:

சிரிக்கவில்லை. மகள்தான் சிரிக்கிறாள்.